மணிநகரில் வீடு, போபலில் வேலை: பிஆர்டிஎஸ்ஸை நம்பலாமா, வண்டி வாங்கணுமா?

#1 புதுக்குடித்தனம்

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் அகமதாபாத்துக்கு மூட்டை கட்டுகிறேன். வேலை தெற்கு போபலில். (போபால் இல்லை, போபல். ஃபோனில் சொன்னதும் அம்மா "விஷவாயு கசிந்த ஊருக்கா?" என்று பதறிவிட்டார். அது வேற மாநிலம் என்று புரியவைக்கவே பத்து நிமிடம் ஆனது.) வீடு மணிநகரில் பார்த்து முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அங்கே நம்ம ஆட்கள் நிறைய, மாவு பாக்கெட்டிலிருந்து வாழையிலை வரை கிடைக்கும் என்றார்கள். போபல் பக்கத்தைவிட வாடகையும் மாதம் நாலாயிரம் குறைவு.

சிக்கல் தூரம்தான். ஒரு வழிக்கு 16 கிலோமீட்டர் சொச்சம், ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நடுவில் சாபர்மதி ஆறு. பிஆர்டிஎஸ் (சாலை நடுவில் பஸ்ஸுக்கென்றே பாதை ஒதுக்கி ஓட்டும் விரைவுப் பேருந்து) இருக்கு, தனிப்பாதை, பஸ் பறக்கும், ஸ்கூட்டர் வாங்கிக் காசைக் கரியாக்காதே என்று ஒரு நண்பன் சொல்கிறான். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கப்போகிற ஒருவர், அதெல்லாம் பேச்சுக்குத்தான், முதல் வாரத்திலேயே வண்டி வாங்கிவிடுவாய் என்கிறார். காலை 9.30-க்கு உள்ளே இருக்க வேண்டும். தினமும் போய் வருகிறவர்கள் சொல்லுங்கள்: உண்மையில் எவ்வளவு நேரம், எவ்வளவு காசு?

#2 கல்லாப்பெட்டி

வண்டி வாங்கு தம்பி. இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா.

#3 காங்கரியா அக்கா

தம்பி, நான் பிறந்து வளர்ந்ததே இந்தப் பக்கம்தான். தாத்தா மில் வேலைக்கு வந்தவர். அப்பா காலத்தில் மில்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன, நாங்கள் மட்டும் இங்கேயே வேர் விட்டுவிட்டோம்.

பிஆர்டிஎஸ்ஸை 2009 அக்டோபரில் ஆர்டிஓவிலிருந்து பிரானா வரை 12.5 கிலோமீட்டர் திறந்தார்கள், அதுதான் தொடக்கம். அதற்கு முன்னால் ஏஎம்டிஎஸ் என்கிற மாநகராட்சி பஸ்தான், 1947-லிருந்து ஓடுகிறது, இன்றைக்கும் ஓடுகிறது. பிஆர்டிஎஸ்ஸில் என்ன வித்தியாசம் என்றால், ஸ்டேஷன் சாலைக்கு நட்ட நடுவில் இருக்கும். டிக்கெட்டை உள்ளே நுழையும்போதே வாங்கிவிடுவாய். நடைமேடையும் பஸ்ஸின் தரையும் ஒரே உயரம், படி என்ற பேச்சே கிடையாது. பஸ் வந்து ஒட்டி நின்றதும் ஸ்டேஷன் கதவும் பஸ் கதவும் திறக்கும், பத்துப் பதினைந்து பேர் இறங்கி, அதே அளவு பேர் ஏறி, மூச்சு விடுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். என் மாமியாருக்கு முட்டி வலி. சாதாரண பஸ் படியில் அவரை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இதில் தானாக நடந்துபோய் உட்கார்ந்துவிடுவார். பஸ் கொஞ்சம் தள்ளி நின்றால் மட்டும் அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்துப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குளத்தில் இறங்குகிற மாதிரி ஒரு கால் வைப்பார் பார், பின்னால் வரிசையே நிற்கும்.

உனக்கு ஒரு நல்ல விஷயம், மணிநகரிலேயே பஸ் புறப்படுகிறது. உட்கார இடம் கிடைக்கும். பஸ்ஸுக்குள் இருக்கும் நேரம் மட்டும் என்றால் ஐம்பது நிமிடம், முன்னே பின்னே. ஆனால் அதை வைத்து முடிவு பண்ணாதே. வீட்டுக் கதவைப் பூட்டும்போது மணி என்ன, அலுவலகத்தில் விரல் ரேகை வைக்கும்போது மணி என்ன, அதுதான் கணக்கு. நடுவில் என்னென்ன இருக்கிறது என்பது போனால்தான் தெரியும்.

#4 மதன்கீர் மணி

அக்கா சொல்வது அகமதாபாத் கதை. நான் டெல்லி கதை சொல்கிறேன், தம்பி ரெண்டையும் கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்.

2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு பிஆர்டி, அதாவது இதே மாதிரி பஸ் தனிப்பாதை, போட்டார்கள். நான் அப்போது மதன்கீரில் இருந்தேன், அதாவது அந்தப் பாதையின் வாலில். அங்கே தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், பெண்கள் பாதிப்பேர் டிஃபன்ஸ் காலனி, லாஜ்பத் நகர் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அந்தப் பாதை வரம். காலை எட்டு மணிக்குக் கார்கள் எல்லாம் சிராக் தில்லி சிக்னலில் கொதித்துக்கொண்டு நிற்கும்போது பஸ் பக்கத்திலேயே நகர்ந்து போகும். ஓரத்தில் சைக்கிளுக்கும் தனிப்பாதை இருந்தது, அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

ஆனால் அகமதாபாத் மாதிரி மூடிய அமைப்பு இல்லை. எந்த பஸ்ஸும் நுழையலாம், டிக்கெட் பஸ்ஸுக்குள்தான், படி ஏறித்தான் போகணும், நிறுத்தமெல்லாம் சிக்னலை ஒட்டியே. முன்னால் ஒரு பஸ் ஆளை ஏற்றிக்கொண்டிருந்தால் பின்னால் ஆறு பஸ் நிற்கும், அவன் ஏற்றி முடிப்பதற்குள் பச்சை போய்ச் சிவப்பு வந்துவிடும். ஒரு பஸ் பழுதாகி நின்றால் அன்றைக்கு அந்த வழியே அடைப்பு. அதைப் பார்த்துக் கார்க்காரர்கள், ஒரு பாதை காலியாகக் கிடக்கிறது, நாங்கள் இங்கே வேகிறோம் என்று கத்த ஆரம்பித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2012-ல் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் 2015-ல் அரசே பாதையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தது, அடுத்த வருடத் தொடக்கத்தில் இடித்தும் விட்டார்கள்.

#5 ஸ்டியரிங் சிவா

எடுத்ததுதான் சரி. மூல்சந்த் போக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாலையில் ஓடுவது எல்லாம் கார், பைக். வரி கட்டுவது நாங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் போவதற்காக ஒரு முழுப் பாதையையும் வேலி போட்டு வைத்தால் யாருக்குத்தான் எரியாது?

#6 மதன்கீர் மணி

சிவா, வண்டியை எண்ணினால் நீங்கள் சொல்வது சரி, ஆளை எண்ணினால் தப்பு. அந்தச் சாலையில் போன வண்டிகளில் பஸ் சொற்பம், போன மனிதர்களில் ஏறத்தாழ பாதி பஸ்ஸுக்குள் இருந்தார்கள். காலியாகத் தெரிகிற பாதையில் ஒரு பஸ்ஸில் எழுபது பேர் போய்விடுகிறார்கள், அதனால்தான் அது காலியாகத் தெரிகிறது. எழுபது கார் அதில் நின்றிருந்தால் "நிறைந்த பாதை" என்று சொல்லியிருப்பீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதும் கிடையாது, உச்ச நேரத்தில் ஒன்றன் வாலில் ஒன்று வந்ததுதான் அங்கே சிக்கலே. அத்தனை பஸ்ஸை அந்த நிறுத்தங்கள் விழுங்க முடியவில்லை.

உங்கள் எரிச்சல் பொய் என்று சொல்லவில்லை. கார்க்காரர்களுக்கு நேரம் கூடியது உண்மை. யாருடைய நேரத்தை எடுத்து யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. மதன்கீர் பெண்களிடம் போய் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

#7 ஸ்டியரிங் சிவா

சரி விடுங்க, இடித்தது இடித்ததுதான்.

#8 கணக்குப்பிள்ளை

தம்பியின் கேள்விக்கு வருவோம். தூரம் 16 கிலோமீட்டர். சாதாரண நகரப் பேருந்து நிறுத்தம், சிக்னல் எல்லாம் சேர்த்து மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் ஒரு மணி நேரம். தனிப்பாதையில் மணிக்கு 24 என்று வைத்தால் 40 நிமிடம். இருபது நிமிடம் லாபம், அட்டகாசம். இப்போது கழிக்க ஆரம்பிப்போம். பழைய பஸ் நிறுத்தம் தெருமுனையில் இருந்திருக்கும், பிஆர்டிஎஸ் ஸ்டேஷன் பெரிய சாலையின் நடுவில், அதுவரை கூடுதல் நடை ஐந்து நிமிடம், சாலையைக் கடக்கக் காத்திருப்பது ரெண்டு நிமிடம். அந்தப் பக்கம் இறங்கி அலுவலகம் வரைக்கும் ஷட்டில் (பலர் சேர்ந்து போகும் ரிக்‌ஷா) பிடிக்க ஆறேழு நிமிடம். லாபத்தில் முக்கால்வாசி போச்சு. இதற்குப் பிறகு நடுவில் எங்காவது ஒரு பஸ் மாற வேண்டியிருந்தால் நஷ்டம்தான். பாதை போட்ட பிறகும் "நேரம் ஒண்ணும் மிச்சமாகலையே" என்று ஒருவர் சொல்வதும், "பாதி நேரத்தில் போறேன்" என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே ஊரில் நடக்கும். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை, வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அப்புறம் காத்திருப்பு. ஆறு நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று பலகை சொல்லும், அப்படியே சீராக வந்தால் சராசரியாக மூன்று நிமிடம் நிற்பாய். அதே பஸ்கள் ஜோடி ஜோடியாக வந்தால்? மணிக்குப் பத்து பஸ் என்ற எண்ணிக்கை மாறவே இல்லை, ஆனால் 12 நிமிடத்துக்கு ஒரு ஜோடி, உன் சராசரி காத்திருப்பு ஆறாகிவிட்டது. முதல் பஸ்ஸில் பிதுங்கும், பின்னால் வருவது காலியாக வரும். தனிப்பாதையிலும் இது நடக்கும், ஏனென்றால் சிக்னல் எல்லோருக்கும் பொதுதான். போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் நிற்கும் ஒரு நிமிடத்தைப் பயணம் செய்யும் ரெண்டு நிமிடமாகக் கணக்குப் போடுவார்கள், மே மாத அகமதாபாத்தில் மூன்றாகவே போடலாம்.

#9 கணக்குப்பிள்ளை

காசுக் கணக்கை விட்டுவிட்டேன். 2023 ஜூலையில் அங்கே கட்டணத்தைத் திருத்தினார்கள், குறைந்தது 5 ரூபாய், அதிகபட்சம் 30. மேலாகவே போட்டு 30 என்று வைப்போம். போக வர 60, மாதம் 25 நாளுக்கு 1,500. ஷட்டிலுக்கு ஒரு வழிக்குப் பத்து ரூபாய் என்றால் இன்னொரு 500. ஆக ரெண்டாயிரம்.

ஸ்கூட்டர்: தினம் 32 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கொடுத்தால் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, லிட்டர் 95 ரூபாய் என்றால் நாளுக்கு 68 ரூபாய், மாதம் 1,700. இதைப் பார்த்துத்தான் ஏமாறக் கூடாது. தவணை, காப்பீடு, சர்வீஸ், டயர் எல்லாம் சேர்ந்தால் முதல் மூன்று வருடம் மாதம் ஐயாயிரத்தைத் தொடும்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. வண்டி இல்லாதவனுக்கு பஸ் மலிவு. ஏற்கெனவே வண்டி வாங்கி வாசலில் நிறுத்தி வைத்திருப்பவனுக்கு பஸ் மலிவே இல்லை, பெட்ரோல் காசும் பஸ் காசும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதிலும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே திசையில் போனால் பஸ்ஸில் ரெண்டு டிக்கெட், ஸ்கூட்டரில் அதே பெட்ரோல். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களை தனிப்பாதை மட்டும் பஸ்ஸுக்கு இழுத்துவிடாது. எனவே தம்பி, மாற்றி யோசி. பஸ்ஸா ஸ்கூட்டரா என்பதை வாங்குவதற்கு முன்னால் முடிவு பண்ணு. வாங்கிய பிறகு அந்தக் கேள்வியே இருக்காது.

#10 கல்லாப்பெட்டி

நான் ஒரு வரியில் சொன்னதை ரெண்டு பதிவில் எதிர்மாறாகச் சொல்லிவிட்டார்.

#11 நரோல் நளினி

என் வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது. ஆனால் அது என் வீட்டுக்காரருடைய ஸ்கூட்டர். கணக்குப்பிள்ளை சார், உங்கள் கணக்கில் "வீட்டில் வண்டி இருக்கு" என்று வந்தால் எல்லோருக்கும் இருப்பதாக ஆகிவிடுகிறது. எனக்கு பஸ்தான். நான் நரோல் பக்கம் ஒரு துணி யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். பிஆர்டிஎஸ் வருவதற்கு முன்னால் ஷட்டில் ரிக்‌ஷாவில்தான் போவேன், மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர், முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் தொங்கிக்கொண்டு. காசு கம்மிதான், ஆனால் பக்கத்தில் யார் வந்து உட்காருவார் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு போக வேண்டும். இப்போது இருட்டினாலும் ஸ்டேஷனில் விளக்கு இருக்கும், காவலுக்கு ஓர் ஆள் இருப்பார். அதற்கு எத்தனை ரூபாய் போடுவீர்கள்?

இன்னொன்று. எங்கள் யூனிட்டில் பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் கூலி போகும் (பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான்). தையல் பிரிவில் இருக்கிற பெண்களுக்கு சராசரி நேரம் என்பது ஒரு பேச்சே இல்லை, மோசமான நாளில் எவ்வளவு ஆகும் என்பதுதான் பேச்சு. பஸ் வழக்கமாக 35 நிமிடம், மாதத்தில் ரெண்டு நாள் 55 என்றால் அவர்கள் தினமும் 55-க்குத் தயாராகத்தான் கிளம்புவார்கள். அந்த இருபது நிமிடம் தினமும் வாசலில் உட்கார்ந்து கழியும். தனிப்பாதையால் எனக்குக் கிடைத்த லாபம் வேகம் இல்லை, நேற்றைக்கு ஆன நேரமே இன்றைக்கும் ஆகும் என்ற நம்பிக்கைதான். முன்னால் 45 நிமிடம் விட்டுக் கிளம்பியவள் இப்போது 30 விட்டுக் கிளம்புகிறேன். பையனுக்கு டிபன் பாக்ஸ் கட்டும் நேரம் அது.

#12 கணக்குப்பிள்ளை

நளினி அம்மா சொன்னது என் ரெண்டு பதிவையும்விடக் கனமான விஷயம். ஒப்புக்கொள்கிறேன்.

#13 சுடிர்மன் சுப்பு

ஜகார்த்தாவிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. இங்கே 2004 ஜனவரியில் பிளோக் எம்மிலிருந்து கோட்டா வரை ஒரே ஒரு பாதையாகத் தொடங்கியது, இன்றைக்கு உலகத்திலேயே நீளமான பிஆர்டி இதுதான், 250 கிலோமீட்டருக்கு மேல். எத்தனை தூரம் போனாலும் கட்டணம் 3,500 ரூபியா, நம்ம காசுக்கு இருபது ரூபாய்க்குள். 2005-லிருந்து அது ஏறவே இல்லை என்றால் நம்புவீர்களா! காலை ஐந்திலிருந்து ஏழு வரை 2,000-தான், விடிகாலையில் கிளம்பும் துப்புரவுக்காரர்களும் காவலாளிகளும் அந்த நேரத்தில்தான் ஏறுவார்கள்.

கணக்குப்பிள்ளை சொன்ன "மாற வேண்டியிருந்தால் நஷ்டம்" என்பதற்கு இங்கே ஒரு பாதி பதில் இருக்கிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வராத வரைக்கும் எத்தனை பஸ் மாறினாலும் அதே டிக்கெட். தெருவுக்குள் வரும் சின்ன வேன்களையும் சேர்த்துக்கொண்டார்கள், மைக்ரோட்ரான்ஸ் என்று பெயர், கார்டைத் தட்டினால் கழிவது சுழியம் ரூபியா. 2022-லிருந்து பஸ், மெட்ரோ, எல்ஆர்டி என்கிற இலகு ரயில் மூன்றையும் ஒரே பயணத்தில் கலந்து போனாலும் மொத்தம் 10,000 ரூபியாவுக்கு மேல் பிடிக்கமாட்டார்கள். உங்கள் ஊர் ஷட்டிலுக்குப் போகிற 500 ரூபாய் இங்கே கிடையாது.

பாதி பதில் என்றேன், காசுக்குத்தான் பதில், நேரத்துக்கு இல்லை. செமாங்கி ஸ்டேஷனிலிருந்து பெண்டுங்கான் ஹிலிர் ஸ்டேஷன் பக்கம் மாறுவதற்கு ஒரு நடைபாலம் இருக்கிறது, அதன் நீளத்தைப் பற்றி ஊரே கேலி பேசும். முதல் தடவை நடந்தபோது நான் தப்பான வழியில் வந்துவிட்டேன் என்றே நினைத்தேன். வரைபடத்தில் அது ஒரு புள்ளி!

#14 பல்லவன் பாஸ்

சென்னையிலிருந்து பெருமூச்சு. பிஆர்டி வருது வருது என்று நானும் காகிதத்தில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நேரமும் காசும் எப்படிக் கோர்த்திருக்கிறது என்று பார்க்கணும்னா எங்கள் நிறுத்தத்துக்கு வாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. என் அக்கா வேளச்சேரியில் நின்றுகொண்டு டீலக்ஸ் ஒன்று, ரெண்டு, மூன்று என்று விட்டுவிட்டு இலவச பஸ்ஸுக்காகக் காத்திருப்பாள். இருபது நிமிடம் நின்றாலும் மாதக் கடைசியில் கையில் ஆயிரம் ரூபாய் நிற்கிறது என்பாள். நான் போய், உன் நேரத்துக்கு மதிப்பு இல்லையா என்று கேட்டால், "என் நேரத்துக்கு யாருடா ஆயிரம் ரூபாய் கொடுக்கிறான்?" என்று திருப்பிக் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை, மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

#15 சிங்காநல்லூர் டைமிங்

கோயமுத்தூர்க்காரன் ஒரு வார்த்தை. எங்க ஊர்த் தனியார் டவுன் பஸ் டைமிங் சண்டை தெரியும்ல, முன்னால் போறவன் ஆளை அள்ளிவிடக் கூடாதுன்னு பின்னால் வர்றவன் விரட்டுவதும், ஆள் சேரும் வரை முக்கிக்கொண்டு நிற்பதும். கொலம்பியாவின் பொகோட்டாவிலும் பிஆர்டிக்கு முன்னால் இதே சண்டைதானாம், "சில்லறைப் போர்" என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 2000 டிசம்பரில் அந்த ஊர் பிஆர்டியான டிரான்ஸ்மிலேனியோ தொடங்கியபோது பஸ் முதலாளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கை எடுத்துவிட்டு ஓடிய கிலோமீட்டருக்குக் காசு என்று முக்கியமாக அதை வைத்துப் பிரித்துக் கொடுத்தார்கள். விரட்ட வேண்டிய காரணமே போய்விட்டது. பாதையைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய விஷயம் என்பேன். அகமதாபாத்திலும் கிலோமீட்டர் கணக்குதான்.

#16 காங்கரியா அக்கா

உண்மை. பஸ் காலியாக வந்தாலும் கிளம்பிவிடுவார்கள், ஆளுக்காக நிற்கமாட்டார்கள்.

ஆனால் எல்லாம் தனிப்பாதை என்றும் நினைத்துவிடாதே தம்பி. பழைய நகரத்துக்குள், காலுப்பூர் பக்கமெல்லாம், பஸ் மற்ற வண்டிகளோடுதான் ஊர்ந்து போகும், அங்கே பாதை போட இடமே இல்லை. உன் வழி அந்தப் பக்கம் போகாது, தப்பித்தாய். சில சந்திப்புகளில் பாதை தொடங்கும் இடத்தில் கதவு வைத்திருக்கிறார்கள், பஸ் வந்தால் திறக்கும். நடுவில் எவனாவது பைக்கோடு நுழைந்துவிட்டால் காவலர் விசிலை ஊதிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம், காலை நேரத்தில் இலவச சினிமா.

#17 ரயிலடி

மெட்ரோவை மறந்துவிட்டீர்களே? 2022 செப்டம்பர் 30 அன்று கிழக்கு மேற்குப் பாதையைத் தல்தேஜ் வரை திறந்துவைத்தார்கள். காங்கரியா கிழக்கில் ஏறி தல்தேஜில் இறங்கலாமே?

#18 காங்கரியா அக்கா

தல்தேஜில் இறங்கி? அங்கிருந்து தெற்கு போபலுக்கு ரிக்‌ஷா பிடித்தால் மிச்சம் பிடித்தது எல்லாம் ரிக்‌ஷாக்காரருக்கு. தல்தேஜில் வேலை என்றால் நானே மெட்ரோ என்றுதான் சொல்லியிருப்பேன்.

#19 ஹுப்ளி ஹரி

நடுவில் ஒரு சின்னத் துணுக்கு. ஹுப்பள்ளி-தார்வாட் 22 கிலோமீட்டர் பிஆர்டியில் ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் மட்டும் கூடுதலாக ஒரு பாதை கொடுத்திருக்கிறார்கள். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் பஸ் ஓரமாக நிற்க, எக்ஸ்பிரஸ் பஸ் தாண்டிப் போய்விடும். பஸ்ஸுக்குச் சிகரி என்று பெயர், கன்னடத்தில் மான். டெல்லியில் மணி சொன்ன அடைப்புக்கு மருந்து இதுதான், ஆனால் அதற்குச் சாலை அகலம் வேணும்.

#20 புதுக்குடித்தனம்

எல்லோருக்கும் நன்றி. வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, வண்டி வாங்கவில்லை. கல்லாப்பெட்டி அண்ணன் மன்னிக்கவும்.

அக்கா சொன்னபடி கதவைப் பூட்டும்போது மணி பார்த்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஸ்டேஷனுக்கு நடை ஒன்பது நிமிடம், இது மட்டும் மாறுவதே இல்லை. காத்திருப்பு ஒரு நாள் ஒரு நிமிடம், ஒரு நாள் பதினொன்று. பஸ்ஸுக்குள் 47-லிருந்து 56. இறங்கிய பிறகு அலுவலகம் வரை ரெண்டு கிலோமீட்டர், அதுதான் எமன். ஷட்டில் நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், அந்த நாலாவது ஆளுக்காக நாங்கள் மூன்று பேரும் வெயிலில் உட்கார்ந்திருப்போம். எட்டு நிமிடத்திலும் முடிந்திருக்கிறது, இருபத்திரண்டும் ஆகியிருக்கிறது. 16 கிலோமீட்டரில் நான் பயந்தது 14-ஐ, கெடுத்தது கடைசி ரெண்டு.

மிக மோசமான நாள் ஒரு மணி ஐம்பது நிமிடம், அது முழுக்க என் தப்பு. பெயர்ப்பலகையில் குஜராத்தி எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தேன், 'க'வில் ஒன்றுக்கும் 'த'வில் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் வேற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பஸ் திரும்பக் கூடாத இடத்தில் திரும்பிய பிறகுதான் தலையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் பையில் இருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு "மணிநகர்?" என்று கேட்டார். ஊரே தெரிந்து வைத்திருக்கிறது.

#21 கணக்குப்பிள்ளை

காசு எவ்வளவு ஆனது? அதைச் சொல்லாமல் போகாதே.

#22 புதுக்குடித்தனம்

உங்கள் ரெண்டாயிரத்துக்குள்ளேதான் வரும் போல, ஷட்டில்தான் இழுக்கிறது. வாடகையில் மிச்சமாகும் நாலாயிரத்தில் பாதி பயணத்துக்குப் போகிறது, மீதி கையில். ஆனால் போபலிலேயே வீடு எடுத்திருந்தால் தினமும் ரெண்டு மணி நேரம் மிச்சம். 25 நாளைக்கு 50 மணி நேரம். ரெண்டாயிரத்தை ஐம்பதால் வகுத்துப் பார்த்தேன், மணிக்கு நாற்பது ரூபாய்க்கு என் நேரத்தை விற்கிறேன். பல்லவன் அண்ணனின் அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் விலைப்பட்டியல் தயார். (பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதால் அதில் பாதி நேரம் தூங்குகிறேன், அதைக் கழிக்கவில்லை.)

போன சனிக்கிழமை ஒரு வேலை செய்தேன். பழைய சைக்கிள் ஒன்று, 1,800 ரூபாய், மணி அடிக்காது, ஸ்டாண்ட் மட்டும் பலம். போபல் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடையில் ராத்திரி விட்டு வைக்கிறேன், காலையிலும் மாலையிலும் அவரிடம் ஒரு டீ குடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ரெண்டு கிலோமீட்டர் எட்டு நிமிடம், நாலாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் முழுக்க 75-லிருந்து 80 நிமிடத்துக்குள் நிற்கிறது. நளினி அக்கா சொன்ன மாதிரி, 8 மணிக்குக் கதவைப் பூட்டினால் போதும் என்ற தைரியம் வந்துவிட்டது.

#23 கல்லாப்பெட்டி

டீக்காசைக் கணக்கில் சேர்த்தாயா?

#24 புதுக்குடித்தனம்

டீ பயணச் செலவில் வராது அண்ணே, அது உணவு.

#25 நரோல் நளினி

சைக்கிளில் எட்டு நிமிடம் இப்போது சரி. ஜூன் கடைசியில் மழை இறங்கினால் போபல் பக்கம் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும். மட்கார்டாவது இருக்கிறதா அந்த சைக்கிளில்?

#26 புதுக்குடித்தனம்

முன்னால் மட்டும் இருக்கிறது.